தலைக்கு ஒரு குடம்

எங்கள் தெருவில் அந்த வருஷம்தான் ஆட்களை எண்ண ஆரம்பித்தார்கள். எழுபதுகளின் முற்பாதி. இரண்டு வருஷமாக மழை ஏமாற்றிக்கொண்டிருந்தது. காஞ்சிபுரத்துக் கோயில் குளங்களில் கடைசிப் படி வரை வெயில் விழுந்தது, பாலாறு வெறும் மணலாகக் கிடந்தது. நகராட்சிக் குழாயைத் திறந்தால் காற்று வரும், அதுவும் பெரிய சத்தத்தோடு வரும். வீட்டுக்கு வீடு பட்டுத்தறி ஓடுகிற எங்கள் தெருவுக்கு மிச்சமிருந்தது தெருக்கோடிக் கிணறு ஒன்றுதான். ஊறியதை விடியற்காலையில் இறைத்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

முதலில் எழுந்தவள் மொண்டுகொண்டு போனாள், அடுத்தவள் சேற்றைக் கலக்கினாள். ஒருநாள் ஒருத்தியின் பித்தளைக் குடம் இன்னொருத்தியின் நெற்றியைப் பிளந்துவிட்டது. மறுநாள் தெருப் பெரியவர்கள் பஜனைக் கோயிலில் கூடி ஒரு சட்டம் போட்டார்கள். தலைக்கு ஒரு குடம். வீட்டில் எத்தனை தலையோ அத்தனை குடம், அதற்கு மேல் ஒரு சொம்புகூடக் கிடையாது. கைக்குழந்தையும் ஒரு தலைதான், அதன் துணியை அலச வேண்டுமே. வயிற்றில் இருப்பது சேர்த்தி இல்லை.

எங்கள் வீட்டில் நான், என் வீட்டுக்காரர், இரண்டு பெண்கள். நாலு குடம். நேர் எதிர்வீட்டில் அந்த வீட்டுக்காரர், அவருடைய அம்மா, நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி, ஆறு பிள்ளைகள். ஒன்பது குடம்.

அக்கா என்னைவிட நாலு வயசு மூத்தவள். என் இரண்டாவது பிரசவத்தில் பத்து நாளும் பூண்டு ரசம் வைத்துக் கொண்டுவந்தவள். அதிர்ந்து பேசமாட்டாள். எனக்கோ வாய் நீளம், கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். இருவருக்கும் எப்படி ஒத்துப்போனது என்று தெருவே கேட்கும். ஒத்துத்தான் போனது, அந்தச் சட்டம் வரும் வரைக்கும்.

சட்டம் வந்த பிறகு தினமும் விடியலில் அந்த வீட்டுப் பிள்ளைகள் ஒன்பது குடத்தை வரிசையாக வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்ப்பேன். எனக்கு வயிறு எரியும். நாலு குடத்தில் நான் சமைக்க வேண்டும், துவைக்க வேண்டும், தறிக்கும் ஒதுக்க வேண்டும். அவர்களுக்கும் தறி ஒன்று, எங்களுக்கும் தறி ஒன்று. தறிக்கு வேண்டிய தண்ணீர் ஆள் எண்ணிக்கை பார்த்தா குறையும்? இரண்டு பெண்களோடு நிறுத்திக்கொண்டு ஆபரேஷனும் செய்துகொண்டு வந்தவள் நான். அதற்குத் தண்டனை மாதிரி நாலு குடம், வருஷா வருஷம் பெற்றவளுக்குப் பரிசு மாதிரி ஒன்பது குடமா? இப்படித்தான் அப்போது நினைத்தேன். என் வீட்டுக்காரர் அந்த ஆபரேஷனுக்கு மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டதை என் சாமர்த்தியம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆடி மாதம் எங்களுக்கு ஒரு பாவு கிடைத்தது. பாவு என்றால் புடவையின் நீளவாட்டு நூல். மூன்று மாதமாகத் தறி சும்மா கிடந்த பிறகு கிடைத்த பாவு. ஆவணிக் கல்யாணத்துக்கு மூன்று முகூர்த்தப் புடவை. பட்டு முதலாளி நூலைக் கொடுக்கும்போதே என் வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

"இது வீணாச்சுன்னா உன் தறிக்கு இனிமே நான் பாவு தரமாட்டேன்பா. கோச்சிக்காதே. எனக்கும் பட்டு கெடைக்கிறது கஷ்டமா இருக்குது."

அதைக் கேட்டதிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் உரக்கச் சிரிக்கவில்லை. அந்தப் பாவு போனால் தறியைக் கழற்றி வைத்துவிட்டு வாலாஜாபாத் அரிசி ஆலையில் மூட்டை தூக்கப் போக வேண்டியதுதான் என்று அவர் சொன்னார். விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை.

பாவைத் தறியில் ஏற்றுவதற்கு முன்னால் தெருவில் போட வேண்டும். தெருவின் நீளத்துக்குப் பட்டிழைகளை இழுத்துக் கட்டி, இளசான அரிசிக் கஞ்சி தடவி, காய்வதற்குள் இழை இழையாகப் பிரித்துவிட வேண்டும். பிரிப்பதற்குள் காய்ந்துவிட்டால் இழைகள் ஒட்டிக்கொள்ளும், தறியில் ஏற்றியதும் அறுந்துகொண்டே இருக்கும். அதனால் வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும். இரண்டு பேர், நாலு பேரால் ஆகிற காரியம் இல்லை. இருபது பேராவது இரண்டு பக்கமும் நிற்க வேண்டும்.

இதற்குக் கூலி கிடையாது. இன்றைக்கு என் பாவுக்கு நீ, நாளைக்கு உன் பாவுக்கு நான். வந்தவர்களுக்கு உப்புமாவும் காபியும் கொடுப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒரு முறை உண்டு. முந்தின நாள் சாயங்காலம் அந்த வீட்டுப் பெண் குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வாசல் ஏறி, "நாளைக்கு எங்க வூட்டுப் பாவு" என்று சொல்ல வேண்டும். சொல்லாத வீட்டிலிருந்து யாரும் இறங்கி வரமாட்டார்கள். கூப்பிடாத கை பாவில் பட்டால் கண்பட்டுவிடும் என்று எங்கள் தெருவில் ஒரு பயம். எவ்வளவு நல்ல மனசு உள்ளவளும் கூப்பிடாத பாவைக் கண்டால் கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நிற்பாள்.

எதிர்வீட்டிலிருந்து எங்கள் பாவுக்கு எப்போதும் ஐந்து பேர் வருவார்கள். அக்கா, அவள் வீட்டுக்காரர், பெரிய பிள்ளைகள் மூன்று பேர். அந்தப் பிள்ளைகளின் விரல் பட்டால் ஒட்டிய இழையும் தானாகப் பிரியும்.

பாவு போடுவதற்கு நாலு நாள் இருக்கும்போதுதான் அந்தப் பட்டிமன்றம் வந்தது. ஆடித் திருவிழாவுக்கு அம்மன் கோயில் வாசலில் எங்கள் தெருப் படிப்பகத்துப் பையன்கள் ஏற்பாடு செய்தது. மக்கள் படும் பாட்டுக்குக் காரணம் பெருகிப்போன ஜனத்தொகையா, இருப்பதைப் பங்கிடத் தெரியாததா என்பது தலைப்பு. அப்போது அந்தப் பேச்சு எங்கும் இருந்தது. குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைந்த ஜீப் வாரத்துக்கு ஒருமுறை வந்து ஒலிபெருக்கியில் கத்திவிட்டுப் போகும். ஆபரேஷன் செய்துகொண்டால் பிளாஸ்டிக் வாளி தருகிறார்களாம் என்று ஒரு வதந்தி. "வாளி இருக்கட்டும்மா, அதுல ஊத்தறதுக்குத் தண்ணி தருவாங்களா?" என்று கிணற்றடியில் கேட்டுச் சிரிப்பார்கள்.

எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்த பெண் அந்தத் தெருவில் நான் ஒருத்திதான். ஜனத்தொகைதான் காரணம் என்ற பக்கத்துக்கு என்னைப் பேசக் கேட்டார்கள். கேட்டதும் ஒப்புக்கொண்டேன். அந்த ஒன்பது குடம் என் தொண்டையிலேயே நின்றுகொண்டிருந்தது, இறக்கி வைக்க ஓர் இடம் கிடைத்தது.

எதிர்ப்பக்கம் பேசியவர் ஐயம்பேட்டைப் பள்ளிக்கூடத்து வாத்தியார். நன்றாகவே பேசினார். "பொறக்கிற குழந்தை எத்தனை சொம்பு குடிக்கும்? கிணறு வத்தினது குழந்தையாலயா, மோட்டாராலயா?" என்று கேட்டார். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு சாயப்பட்டறை இருந்தது. அதன் முதலாளி தன் கிணற்றை ஆழமாகத் தோண்டி மின்சார மோட்டார் வைத்திருந்தார். பகலெல்லாம் அது ஓடும், சாயத் தண்ணீர் கால்வாயில் ஊதாவும் சிவப்புமாகப் போகும். வாத்தியார் கேட்டது அதைத்தான். எல்லோருக்கும் புரிந்தது, ஆனால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த முதலாளி முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மைக் செட்டும் பரிசும் அவர் உபயம்.

என் முறை வந்தது. முதலில் எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். கூட்டம் கொட்டாவி விட்டது. எனக்கு ஆத்திரம் வந்தது. காகிதத்தை மடித்துவிட்டு மைக்கைப் பிடித்தேன்.

"வாத்தியார் அய்யா மோட்டாரைச் சொன்னாரு. நான் மனுஷங்களைச் சொல்றேன். இதே தெருவுல, என் வாசல்ல நின்னா தெரியற தூரத்துல ஒரு வூடு. ஒன்பது தலை. ஒன்பது குடம். அளவோட பெத்தவளுக்கு நாலு குடம், அளவில்லாம பெத்தவளுக்கு ஒன்பது குடமா? இது எந்த ஊர் நியாயம்? வாயை மட்டும் பெத்துக்கினே போனா தண்ணிக்கு எங்கே போறது?"

கைதட்டல் என்றால் கைதட்டல்! விசில் வேறு. கூட்டம் மொத்தமும் ஒரே பக்கமாகத் திரும்பியது. மோட்டார் என்றபோது திரும்பாத தலைகளெல்லாம் இப்போது திரும்பின. பெண்கள் பக்கத்தில் கடைசிக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்து போகவில்லை, முறைக்கவும் இல்லை. முந்தானையை இழுத்துக் குழந்தையின் தலையை மூடினாள். அதைப் பார்த்துக்கொண்டே நான் இன்னும் இரண்டு வாக்கியம் பேசினேன். அது என்னவென்று இப்போது ஞாபகம் இல்லை, முந்தானை மட்டும் ஞாபகம் இருக்கிறது.

எங்கள் பக்கம்தான் ஜெயித்தது. நடுவர், ரிட்டயரான தலைமையாசிரியர், என்னைத் தனியாகப் பாராட்டினார். சாயப்பட்டறை முதலாளி கையால் எனக்கு ஓர் எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள். தண்ணீர் இல்லாத ஊரில் பரிசு கொடுக்க அவர்களுக்கு வேறு சாமானே கிடைக்கவில்லை!

வீட்டுக்கு வந்து குடத்தைக் கூடத்தில் வைத்தேன். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே சட்டையைக் கழற்றினார்.

"நல்லாதான் பேசினே. ஆனா அந்தப் பக்கம் கையைக் காட்டியிருக்க வேணாம்."

"நான் எங்க கையைக் காட்டினேன்? பேரைக்கூடச் சொல்லலையே!"

"ஆமா, சொல்லலை" என்றார். அவ்வளவுதான். அவர் அதட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவருக்கு அதட்டத் தெரியாது.

அடுத்த மூன்று நாளும் எதிர்வீட்டுக் கதவு திறந்தேதான் இருந்தது. ஆனால் அக்கா வெளியே வரும் நேரத்தில் நான் உள்ளே போவேன், நான் வரும் நேரத்தில் அவள் போவாள். கிணற்றடியில் அவள் பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் குடங்களை ஓரமாக நகர்த்தி எனக்கு வழிவிட்டார்கள். அப்படி வழிவிட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மூத்த பெண் மட்டும் ஒருநாள் ஒன்பதாவது குடத்தை நிரப்பாமலேயே தூக்கிக்கொண்டு போனாள்.

பாவுக்கு முந்தின சாயங்காலம் குங்குமச் சிமிழோடு கிளம்பினேன். எங்கள் வரிசை முழுவதும் சொன்னேன். எதிர்வரிசையிலும் ஒரு வீடு விடாமல் சொல்லிக்கொண்டே வந்தேன். அக்கா வீட்டு வாசலில் என் கால் நிற்கவில்லை. அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். கோபம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு என்ன கோபம்? பேசியவள் நான், பேச்சு வாங்கியவள் அவள். அது வெட்கம்தான். வெட்கம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு அன்றைக்குத் துப்பில்லை.

"எதிர் வூட்ல சொல்லிட்டியா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"எல்லா வூட்லயும் சொல்லியாச்சு" என்று சொல்லிவிட்டேன். பொய்.

மறுநாள் கருக்கலிலேயே பாவை இழுத்துக் கட்டினோம். மஞ்சளும் அரக்குமாக இழைகள் தெருவின் நீளத்துக்குப் போயின. அவர் ஒரு முனையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். நான் இரண்டு குடம் தண்ணீரில் கஞ்சியைக் கரைத்து வைத்திருந்தேன், மூன்றாவது குடத்தை இழை நனைக்க எடுத்து வைத்தேன், நாலாவது உப்புமாவுக்கும் காபிக்கும். திட்டமெல்லாம் சரிதான். ஆனால் அன்றைக்கு அடுத்த தெருவில் இரண்டு பாவு, பாதிப் பேர் அங்கே போய்விட்டார்கள். எங்கள் பாவுக்கு வந்தவர்கள் பதினோரு பேர். அவர் தலைகளை எண்ணுவது எனக்குத் தெரிந்தது. எண்ணி முடித்துவிட்டு எதிர்வீட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் கஞ்சிப் பாத்திரத்தைக் கலக்கினேன்.

கஞ்சி தடவி ஆரம்பித்தோம். பாதி தூரம் வரை விரல்கள் ஓடின. அப்போது மேற்கிலிருந்து காற்று எழுந்தது. ஆடிக்காற்று, ஈரமே இல்லாத காற்று. மண்ணை வாரிக்கொண்டு வந்து பாவின் மேல் போட்டது. தடவிய கஞ்சி எங்கள் கண் முன்னாலேயே இறுக ஆரம்பித்தது. பத்து இழை ஒன்றாகச் சேர்ந்து கம்பி மாதிரி நின்றது. பிரித்தால் ஒன்று அறுந்தது, இன்னொன்றைத் தொட்டால் அதுவும் அறுந்தது.

"தண்ணி தெளி! தண்ணி தெளி!" என்று அவர் அந்த முனையிலிருந்து கத்தினார். அதட்டத் தெரியாத மனுஷன் கத்தினார். மூன்றாவது குடத்தைத் தெளித்தேன். பாதி தூரம்கூட வரவில்லை. நாலாவதையும் எடுத்துவந்து தெளித்தேன். அதுவும் போயிற்று. பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

"குடிக்கத்தாம்மா ஒரே ஒரு குடம் இருக்குது. அரைக் குடம் எடுத்துக்கோ" என்றாள் அந்த வீட்டுப் பெண். அரைக் குடம் அந்தக் காற்றுக்கு எந்த மூலைக்கு? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெயில் கோபுரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. கயிற்றை விடவும் முடியாமல், வந்து பிரிக்கவும் முடியாமல் அவர் நின்றார். அவர் முகத்தில் அரிசி ஆலையும் மூட்டையும் தெரிந்தன.

எதிர்வீட்டு வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு. அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவராக எட்டிப் பார்த்தார்கள். அந்த மூன்று பெரிய பிள்ளைகளின் விரல்கள் தாமாக அசைந்துகொண்டிருந்தன, காற்றில் இழை பிரிப்பது போல. ஆனால் ஒருவரும் படி இறங்கவில்லை. நான் கூப்பிடவில்லை. கூப்பிடாத கை பாவில் படக்கூடாது.

ஒரு தெருவைத் தாண்டுவதற்கு எத்தனை அடி இருக்கும்? பதினைந்து? எனக்கு அன்றைக்கு அது போல ஒரு தூரம் இல்லை. குங்குமச் சிமிழ் எங்கே வைத்தேன் என்றுகூடத் தெரியவில்லை. கையெல்லாம் கஞ்சியோடு பாவின் அடியில் குனிந்து நுழைந்து அந்தப் பக்கம் போய் வாசல் ஏறினேன்.

"எங்க வூட்டுப் பாவு, அக்கா" என்றேன். மறுபடியும் சொன்னேன். "வாங்கக்கா."

உள்ளேயிருந்து அந்தப் பிள்ளைகளின் ஆயா, அக்காவின் மாமியார், குரல் கொடுத்தாள். "போவாதடி! மைக்ல வச்சி மானத்தை வாங்கினவ. காஞ்சு சருகாப் போவட்டும்."

அக்கா திரும்பவில்லை. என்னையே பார்த்தாள்.

"எத்தினி தலை வேணும்?" என்று கேட்டாள்.

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. குத்தலாகவும் கேட்கவில்லை, கடையில் எத்தனை படி வேண்டும் என்று கேட்பது போலக் கேட்டாள். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"எல்லாரும் வாங்கக்கா" என்றேன். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன, யார் மேல் கோபம் என்று தெரியவில்லை.

"தண்ணி?"

"தண்ணியும் வேணும்."

அவள் உள்ளே திரும்பி, "டேய் பெரியவனே, குடத்தைத் தூக்கு. எல்லாத்தையும் தூக்கு" என்றாள். அடுத்த நிமிஷம் அந்த வீடே தெருவில் இருந்தது. அவள் வீட்டுக்காரர் கயிற்று முனைக்குப் போய் என் வீட்டுக்காரரோடு சேர்ந்து பிடித்தார். பெரிய பிள்ளைகள் பாவுக்குள் பாய்ந்தார்கள். நடுப் பிள்ளைகள் குடத்திலிருந்து கையால் அள்ளித் தெளித்துக்கொண்டே ஓடினார்கள். ஆறு குடம் தெளித்தார்கள். நான் எண்ணினேன், பழக்கதோஷம். ஆயாகூட வாசலில் உட்கார்ந்து, திட்டிக்கொண்டே, அறுந்த நுனிகள் எங்கே என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

பாவு பிழைத்தது. ஒரு சாண் அகலத்துக்கு இழைகள் போயின, அதை நாங்கள் இரண்டு நாள் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுச் சேர்த்தோம். மூன்று புடவையும் ஆவணிக்கு இறங்கின. தறி நின்ற இடத்திலேயே நின்றது.

அன்று மத்தியானம் காலிக் குடங்களை எடுக்க அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் பெரிய பிள்ளைகள் அதற்குள் சைக்கிளில் ஓரிக்கைப் பக்கம் போயிருந்தார்கள், ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவர. அந்த வெயிலில். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் விடவில்லை.

"நீ மைக்ல சொன்னது பொய் ஒண்ணும் இல்லமா. மூணாவது பொறந்தப்பவே ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணிடுங்கன்னு கேட்டேன். அவர் கையெழுத்து வேணும்னுட்டாங்க. அவர் போடலை. இப்ப இன்னொரு தலை வருது." வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "டாக்டரம்மா ரத்தமே இல்லைங்கிறாங்க. இதோட நிறுத்தலைன்னா நீ பொழைக்கமாட்டேங்கிறாங்க. ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்னியே, உனக்குப் பேச்சு நல்லா வருது. அவர்கிட்ட வந்து சொல்லேன்."

நாலு வருஷமாக எதிர்வாசல். ஒருநாளாவது நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நான் குடத்தைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

போனேன். மைக் இல்லை, கூட்டம் இல்லை. தறி ஓரத்தில் அக்கா வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார், நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். கிணற்றைச் சொன்னேன், அரிசியைச் சொன்னேன், பள்ளிக்கூடத்துச் செலவைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"என் வூட்ல இத்தினி கை இருந்ததாலதாமா உங்க பாவு பொழைச்சுது. இப்ப நீயே வந்து கை வேணாங்கிறியா?"

நடுவர் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே அவருக்குத் தீர்ப்புச் சொல்லியிருப்பார். அவர் சொன்னதும் உண்மை, கிணறு வற்றியதும் உண்மை, பின்னால் அந்த மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததும் உண்மை. அன்றைக்குத் திரும்பி வந்துவிட்டேன். மறுபடி போனேன். மூன்றாவது தடவை போனபோது வாதம் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

"அண்ணா, கிணறு கெடக்கட்டும். அக்கா செத்துடுவாங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றேன்.

அவர் ஊடை நூல் ஓட்டும் நாடாவைக் கீழே வைத்தார். பிறகு, "இதை ஏன் அவ என்கிட்ட சொல்லலை?" என்று கேட்டார். சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "சொன்னேன்." அவ்வளவுதான் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

தை மாதம் அவளுக்கு வலி எடுத்தது. நான்தான் கூடப் போனேன். அவள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வாசல் வரை வந்து, காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, உள்ளே வர முடியாமல் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். ஏழாவதும் பிறந்தது, பெண் குழந்தை. வார்டில் குடிக்கத் தண்ணீர் கிடையாது, நாம்தான் கொண்டுபோக வேண்டும். பரிசாக வாங்கிய அந்த எவர்சில்வர் குடத்தில் எங்கள் வீட்டுப் பங்கிலிருந்து நிரப்பி எடுத்துப் போயிருந்தேன்.

மறுநாள் ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு நர்ஸ் படிவத்தோடு வந்தாள். களைத்துப்போன முகம், அவளுக்கும் எத்தனை கட்டிலோ.

"எத்தனையாவது?"

"ஏழு" என்றேன் நான்.

"ஏழா! பெத்துக்கினே போனா தண்ணிக்கு எங்கம்மா போறது? கொஞ்சமாவது அறிவு வேணாம்?"

வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "இன்னா பேசறீங்க? இவங்க யாருன்னு தெரியுமா? மூணாவதுலயே வந்து கேட்டாங்க, தெரியுமா? எல்லார் முன்னாலயும் இப்படிக் கேக்கிறதுக்கு உங்களுக்கு வாய் எப்படிம்மா வருது?" என்று எழுந்துவிட்டேன்.

அக்கா படுத்தபடியே என் மணிக்கட்டைப் பிடித்தாள். கையில் சூடே இல்லை.

"உடும்மா. நீ சொன்னதைத்தானே அவங்களும் சொல்றாங்க. இவங்களாவது என் மூஞ்சைப் பார்த்துச் சொல்றாங்க."

நான் உட்கார்ந்தேன். நர்ஸ் படிவத்தை என் பக்கம் நீட்டினாள். உயிரோடு இருக்கும் குழந்தைகள் என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் ஏழு என்று எழுதிக் கொடுத்தேன்.